நாட்டுத் துப்பாக்கி, கையால் நிரப்பும் தோட்டா: மான் வேட்டையில் சட்டம் சொல்வது என்ன? சுடுபவருக்கே உள்ள ஆபத்து என்ன?

வாணியம்பாடி என்றதும் எல்லோருக்கும் தோல் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஊரிலிருந்து ஆலங்காயம் சாலையில் போனால் ஜவ்வாது மலைத் தொடர் வந்துவிடும். மலையடிவாரத்தில் காப்புக்காடுகள், அதை ஒட்டியே விவசாய நிலங்கள். கோடையில் தண்ணீர் தேடி புள்ளிமான்கள் ஊருக்குள் வருவதும் இங்கே புதிதல்ல.

அதேபோல இங்கே புதிதல்லாத இன்னொரு செய்தி: "மான் வேட்டைக்குச் சென்றவர்கள் கைது, நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்."

இப்படி ஒரு செய்தி வந்தால் டீக்கடையில் இரண்டு கேள்விகள் கட்டாயம் எழும். "ஒரே ஒரு மானுக்கு இவ்வளவு பெரிய கேஸா?" என்பது ஒன்று. "அமெரிக்காவுல வீட்டுலயே தோட்டா செஞ்சு மான் சுடுறாங்களே, இங்க மட்டும் ஏன் தப்பு?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வெளிநாட்டில் வீட்டிலேயே தோட்டா தயாரிப்பது உண்மையா?

உண்மைதான். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்காக ஒருவர் வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்ளலாம். அதற்கு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால் மட்டும் உரிமம் வாங்க வேண்டும்.

ஒரு ரைபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு பித்தளைக் கூடு அப்படியே கையில் இருக்கும். அதைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். செலவு குறையும், தன் துப்பாக்கிக்குப் பொருத்தமான தோட்டா கிடைக்கும் என்பதுதான் காரணம்.

ஆனால் இது கைக்கு வந்தபடி செய்கிற வேலை அல்ல. மருந்தை கிரெயின் என்ற அளவில் நிறுக்கிறார்கள். ஒரு கிராமில் சுமார் 15.4 கிரெயின் இருக்கிறது. அதிலும் ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை, அதாவது சுமார் 6.5 மில்லிகிராம் வரை துல்லியம் பார்க்கிறார்கள். மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் அட்டவணையில் உள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது என்பது அங்கே முதல் பாடம்.

ஏன் இவ்வளவு கவனம்? மான் வேட்டைக்குப் பிரபலமான தோட்டாக்களில் ஒன்று 1906-ல் வந்த 'தேர்ட்டி ஆட் சிக்ஸ்'. அது வெடிக்கும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. நம் கார் டயரில் இருப்பது சுமார் 30. அதாவது, சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் கார் டயரைப் போல 2,000 மடங்கு அழுத்தம். மருந்து அளவு மீறினாலோ, வகை மாறினாலோ துப்பாக்கியே வெடித்துச் சிதறக்கூடும்.

நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கியில் நடப்பது என்ன?

நாட்டுத் துப்பாக்கியில் தோட்டாவே கிடையாது. ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்பும் குழலின் வாய் வழியாகக் கரிமருந்து, அதற்கு மேல் அடைப்பு, அதற்கு மேல் ஈயக் குண்டு அல்லது பால்ரஸ் போட்டுக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். ஒரு தடவை சுட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அங்கே தராசு, அட்டவணை, ஆலையில் சோதித்த குழல் எல்லாம் இருக்கின்றன. இங்கே கள்ளத்தனமாகச் செய்த துப்பாக்கியில் இதில் எதுவுமே இல்லை. மருந்து கைக்கணக்கு. குழல் எந்தக் குழாயில் செய்தது, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது. இருட்டில், அவசரத்தில் நிரப்பும்போது ஒரு தடவை போட்ட மருந்தையே மறுபடி போட்டுவிட்டால் குழல் பிளந்து விரல், கண், சில நேரம் உயிரே போய்விடும். இடித்து இறுக்கும்போதே வெடித்துவிடும் ஆபத்தும் உண்டு.

விபத்து நடந்தபின் இன்னொரு சிக்கல். குண்டுக் காயத்துடன் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் போலீஸுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அதற்குப் பயந்து காயத்தை மறைப்பதும், சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்தை இன்னும் கூட்டுகிறது.

குறியிலும் பிரச்சினை இருக்கிறது. ரைபிள் குழலின் உள்ளே சுருள் வரிகள் இருக்கும். அதனால் குண்டு சுழன்று நேராகப் போகும். நாட்டுத் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது; குண்டுகள் சிதறிப் போகும். பல மான்கள் அங்கேயே விழுவதில்லை. காயத்தோடு ஓடி, காட்டுக்குள் எங்கோ துடித்துச் சாகின்றன. இரவில் டார்ச் வெளிச்சத்தில் அசைவைப் பார்த்துச் சுடும்போது, வயலுக்குக் காவல் போன ஆள் மீதோ கூட வந்தவர் மீதோ குண்டு பாய்ந்த சம்பவங்களும் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன.

இறைச்சியும் பாதுகாப்பானது அல்ல. ஈயக் குண்டு உடலில் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உடையும். ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம்.

ஒரு மானுக்கு எத்தனை வழக்கு?

இங்கேதான் பலருக்கும் விஷயம் தெரிவதில்லை. மான் வேட்டை ஒரே குற்றம் அல்ல. ஒரே இரவில் மூன்று சட்டங்கள் பாயலாம்.

முதலாவது, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972. பிரிவு 9 பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. வேட்டை என்றால் கொல்வது மட்டும் அல்ல. பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். முதல் அட்டவணை விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மற்ற அட்டவணை விலங்கு என்றால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். 2022 சட்டத் திருத்தத்தில்தான் இந்த அபராதங்கள் உயர்ந்தன.

இரண்டாவது, ஆயுதச் சட்டம் 1959. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. உரிமம் இல்லாமல் தயாரித்தால் குறைந்தபட்சமே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. 2019 திருத்தம் தண்டனையை இந்த அளவுக்குக் கூட்டியது.

கவனிக்க வேண்டிய இடம் இது. இந்தச் சட்டத்தில் 'தோட்டா' என்பதற்கான விளக்கத்துக்குள் துப்பாக்கியில் போடும் மருந்து, தோட்டாவின் பாகங்கள், அதைத் தயாரிக்கும் இயந்திரம் எல்லாமே அடங்கும். அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு 'சும்மா ட்ரை பண்ணலாம்' என்று வீட்டில் தோட்டா நிரப்பினால், அது இங்கே பொழுதுபோக்கு அல்ல. ஆயுதத் தயாரிப்பு வழக்கு.

மூன்றாவது, வெடிபொருள் சட்டம் 1884. உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பதும் வைத்திருப்பதும் தனிக் குற்றம்.

இது மட்டும் அல்ல. வேட்டைக்குப் பயன்படுத்திய பைக், கார், ஆயுதம் எல்லாம் அரசின் சொத்தாகிவிடும். சுட்டவர் மட்டும் மாட்டுவார் என்பதும் தவறு. மான் கறி வாங்கி வைத்திருப்பவரும் குற்றவாளிதான்.

வழக்கு எவ்வளவு காலம் துரத்தும் என்பதற்கு நடிகர் சல்மான் கான் உதாரணம். 1998-ல் ராஜஸ்தானில் வெளிமான் வேட்டையாடியதாகப் பதிவான வழக்கில் 20 ஆண்டு கழித்து, 2018 ஏப்ரலில் ஜோத்பூர் நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறை விதித்தது. இரண்டு நாளில் ஜாமீன் கிடைத்து, அவர் மேல்முறையீட்டுக்குப் போனார்.

"அந்தக் காலத்துல லைசென்ஸ் வாங்கி சுட்டாங்களே?"

பெரியவர்கள் சொல்வது சரிதான். 1972 சட்டத்திலேயே வேட்டை உரிமத்துக்கு இடம் இருந்தது. 1991 திருத்தத்தில் அது நீக்கப்பட்டது. அதன்பின் பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்தியாவில் அனுமதியே கிடையாது.

கர்நாடகாவின் குடகில் கொடவர் சமூகத்தினருக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அது துப்பாக்கிக்கான விலக்கு மட்டுமே. மானைச் சுட்டால் அங்கேயும் அதே வழக்குதான்.

அமெரிக்காவில் மான்கள் பெருகிவிட்டதால், சீசன் வைத்து, ஒருவருக்கு இத்தனை என்று எண்ணிக்கை வைத்து அனுமதி தருகிறார்கள். அங்கே பல இடங்களில் மானைத் தின்னும் பெரிய விலங்குகள் இல்லாமல் போய்விட்டன. நம் நிலைமை வேறு. 2024 ஜூனில் திருப்பத்தூர் நகருக்குள்ளேயே சிறுத்தை புகுந்து, பள்ளி வளாகம் வரை வந்தது நினைவிருக்கும். சிறுத்தைக்குக் காட்டில் இரை மான்தான். அந்த இரை குறைந்தால் ஆட்டுப்பட்டிக்கும் மாட்டுக்கொட்டகைக்கும்தான் நெருக்கடி.

பயிரைக் காப்பாற்ற என்ன வழி?

விவசாயியின் கஷ்டமும் உண்மையானது. விதைத்ததை ஒரே இரவில் இழந்தவருக்குச் சட்டம் மட்டும் சொன்னால் போதாது. சட்டத்துக்குள்ளேயே வழிகள் இருக்கின்றன.

பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க ஆயுதச் சட்டம் பிரிவு 13-ல் இடம் உள்ளது. ஆனால் அது வேட்டை உரிமம் அல்ல. அந்தத் துப்பாக்கியால் மானைச் சுட்டாலும் குற்றமே. காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுடலாம், அதுவும் வனத்துறையினர் மட்டுமே. விவசாயி தானே சுட முடியாது. மானுக்கு இந்த அனுமதியும் கிடையாது.

வனவிலங்கால் பயிர் சேதமானால் உடனே போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் தெரிவித்து இழப்பீட்டுக்கு மனு கொடுக்கலாம். வயலைச் சுற்றி கரண்ட் வேலி போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பக்கத்து நிலத்துக்காரரும் சாகக்கூடும்.

வீட்டில் மான் தோல் இருந்தால்?

தோல் ஊரான வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இதையும் சொல்ல வேண்டும். இங்கே பதனிடப்படுவது ஆடு, மாடு, எருமைத் தோல். மான் தோலும் கொம்பும் அந்தக் கணக்கில் வராது. பூஜைக்கு என்றாலும், தாத்தா காலத்தது என்றாலும், உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விற்கவும் முடியாது.

பழைய துப்பாக்கி கையில் இருந்தால் என்ன செய்வது?

மலைக் கிராமங்களில் பரம்பரையாக வந்த துப்பாக்கி சில வீடுகளில் இன்னும் இருக்கலாம். தாமாக ஒப்படைப்பவர்கள் மீது நடவடிக்கை இல்லை என்று போலீஸும் வனத்துறையும் அவ்வப்போது அறிவிப்பார்கள். அந்த நேரத்தில் ஊர்ப் பெரியவர் அல்லது வக்கீல் மூலமாகக் கொடுத்துவிடுவது நல்லது. மருந்து நிரப்பியபடியே பரணில் கிடந்தால் அதை நீங்களே எடுத்து, குடைந்து காலி செய்ய முயல வேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், போலீஸுக்குத் தகவல் சொல்லுங்கள். எத்தனை வருடம் ஆனாலும் காய்ந்த கரிமருந்துக்கு ஒரு பொறி போதும்.