வற்றிய ஆறு செத்த ஆறா?

எங்கள் வகுப்பில் மணக்குடியிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வருவோர் உண்டு. மணப்பாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்போரும் உண்டு. ஒரு நாள் மதிய உணவு வேளையில் இவ்விரு ஊராரிடையே வழக்கொன்று மூண்டது. "எங்கள் பழையாற்றில் எந்த மாதம் போனாலும் மீன் உண்டு. உங்கள் கருமேனியாற்றில் மணலைத் தவிர வேறென்ன இருக்கிறது?" என்றாள் ஒருத்தி. "மழை பெய்த பிறகு வந்து பாரடி!" என்றாள் மற்றவள். தீர்ப்புக் கூற எங்களால் இயலவில்லை. ஆகவே அறிவியல் ஆசிரியையின் துணையோடு நூல்களைப் புரட்டினோம். அறிந்தவற்றை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே நூறு கிலோமீட்டர் தொலைவுகூட இல்லை. ஆனால் மழையில் எவ்வளவு வேறுபாடு! கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என இரண்டும் அங்கே உண்டு. தூத்துக்குடி மாவட்டத்திலோ ஏறத்தாழ 650 மி.மீ. தான். தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதித் தன் ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே வரும்போது அது வறண்ட காற்றாகிவிடுகிறது. எனவே அப்பகுதி பெரிதும் வடகிழக்குப் பருவமழையையே நம்பி வாழ்கிறது.

மழை எவ்வளவு பெய்கிறது என்பதைவிட, ஆற்றில் நீர் எத்தனை மாதம் ஓடுகிறது என்பதே நீர்வாழ் உயிர்களுக்கு முக்கியம். பழையாற்றுக்கு மலையடிவார மழையோடு பேச்சிப்பாறை அணையின் கால்வாய் நீரும் கிடைக்கிறது. இப்படி நெடுநாள் நீர் ஓடும் ஆறுகளே விலாங்கு மீனுக்கு ஏற்றவை. விலாங்கு பிறப்பது ஆழ்கடலில், வளர்வதோ ஆற்றில். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறு குஞ்சுகளாக அவை ஆற்றுக்குள் ஏறிவந்து, பல ஆண்டுகள் தங்கி வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆற்று இறால்களில் சில இனங்களோ இதற்கு நேர்மாறானவை. அவை நன்னீரில் வளர்ந்தாலும், அவற்றின் இளங்குஞ்சுகள் பிழைக்கச் சற்று உப்பு கலந்த கழிமுக நீர் வேண்டும்.

இவை வந்து போக வாசல் ஒன்று வேண்டுமல்லவா? அதுவே பொழிமுகம். ஆற்று நீர் வேகமாக வரும்போது பொழிமுகம் திறந்திருக்கும். நீர் குறைந்தால் அலைகள் மணலைக் குவித்து அதை அடைத்துவிடும். மழை குறைந்த கரையில் இவ்வாசல் நெடுநாள் மூடிக் கிடக்கும். உள்ளே அடைபட்ட நீர் வெயிலில் வற்ற வற்ற உப்பு மிகும், வெப்பம் கூடும், உயிர்வளி குறையும். அந்நிலையைத் தாங்குபவை சில இனங்களே. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டதும் 1952-ல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டதுமான ஜிலேபி மீன் அவற்றுள் ஒன்று.

உணவும் மழையைப் பொறுத்தே மாறுகிறது. மழை மிகுந்த இடத்தில் கரையெங்கும் மரங்கள் நிழல் தரும். நீரில் விழும் இலைகளைச் சில நண்டுகளும் பூச்சிகளின் இளம்புழுக்களும் தின்னும். அவற்றை மீன்கள் தின்னும். நிழலற்ற வறண்ட கரையில் வெயில் நேரே நீரில் விழுவதால் பாசி செழிக்கும். அங்கே பாசி மேய்பவற்றிற்கே விருந்து!

சரி, நீரே இல்லாத மாதங்களில் என்ன நடக்கிறது? இங்கேதான் எங்களுக்குப் பெருவியப்பு காத்திருந்தது. குளத்து நத்தை தன் ஓட்டின் மூடியை இறுக அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் மாதக்கணக்கில் உறங்குகிறது. மண்ணுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும் தவளைகள் உண்டு. விராலும் பனையேறிக் கெண்டையும் காற்றையே சுவாசிக்க வல்லவை. சேற்று ஈரத்திலும் சில காலம் உயிர் தரிக்கும். முதல் மழை விழுந்ததும் தட்டான்கள் பறந்து வந்து முட்டையிடுகின்றன. அவற்றுள் ஓரினம் ஆறு வாரங்களுக்குள் தேங்கிய மழைநீரிலேயே வளர்ந்து, அது வற்றுமுன் பறந்துவிடுகிறது. நெடுநாள் ஓடும் ஆற்றில் மெல்ல வளரும் உயிர்களுக்கு இடமுண்டு. சிலநாள் ஓடும் ஆற்றிலோ விரைந்து வளர்பவையும் காத்திருக்கத் தெரிந்தவையுமே வாழ்கின்றன.

மழை மிகுந்தால் எல்லாம் நலமே என்றும் எண்ணிவிட வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம்! மக்கள் பட்ட துயரை நாம் அறிவோம். இத்தகைய வெள்ளம் கல்லிடுக்கில் ஒளிய இயலாத சிற்றுயிர்களை அடித்துச் செல்கிறது. ஆனால் அதே வெள்ளம் அடைபட்ட பொழிமுகங்களை உடைத்துக் கடலுக்கு வழி திறந்தும் விடுகிறது.

ஆகவே எங்கள் வழக்கில் இரு தோழியருக்கும் வெற்றியே! பழையாற்றில் பல மாதம் மீன் உண்டு என்பதும் உண்மை. மழைக்குப் பின் கருமேனியாறு விழித்தெழும் என்பதும் உண்மை.

ஆனால் ஒன்று எங்கள் மனத்தை வருத்துகிறது. வற்றிய ஆற்றைக் கண்டதும் அதை யாருக்கும் உதவாத பாழ்நிலமென்று பலர் நினைத்துவிடுகின்றனர். அங்கே குப்பையைக் கொட்டுகின்றனர். மணலைத் தோண்டி எடுக்கின்றனர். மணலோடும் சேற்றோடும் உறங்கும் உயிர்களும் போய்விடுகின்றன. பிறகு மழை வந்தாலும் எழுந்து வர அங்கே யார் இருப்பார்? குறைந்த மழையே பெறும் ஆற்றுக்கு நம் தவற்றைக் கழுவிவிடப் போதிய நீரும் இல்லை. எனவே அதற்கே நம் பாதுகாப்பு அதிகம் வேண்டும்.

தோழியரே, அடுத்த கோடையில் வறண்ட ஆற்று மணலில் நடக்க நேர்ந்தால் சற்று மெல்லக் காலடி வையுங்கள். நம் காலடியில் மழைக்காகக் காத்திருப்போர் பலர்!