‘சும்மா கலாய்ச்சோம் ப்ரோ’... வெளிமாநில மாணவரின் முகத்தைக் கிண்டல் செய்தாலும் ராகிங்தானா?

துவாக்குடியில் இருக்கும் திருச்சி என்.ஐ.டி.யில் பி.டெக். இடங்களில் பாதி வெளிமாநில மாணவர்களுக்கு. ஸ்ரீரங்கம் வட்டம் நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலும் ‘கிளாட்’ தேர்வு எழுதி எந்த மாநிலத்தவரும் சேரலாம்.

இப்படிப் பலரும் கலந்து படிக்கும் இடங்களில் ஒரு சிக்கல் உண்டு. மணிப்பூர், மிசோரம் மாணவர்களைப் பார்த்ததும் ‘நீங்க நேபாளமா?’ என்பார்கள். கண்ணை வைத்துப் பட்டப்பெயர் சூட்டுவார்கள். ஏன்னு கேட்டால், ‘சும்மா கலாய்ச்சோம் ப்ரோ’ என்று பதில் வரும்.

இது ராகிங்கில் வருமா?

வரும். யு.ஜி.சி.யின் 2009 ராகிங் தடுப்பு விதிமுறைகள் 2016-ல் திருத்தப்பட்டன. அதன்படி நிறம், இனம், மதம், சாதி, தோற்றம், மொழி, பிறந்த ஊர் ஆகியவற்றை வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்தினாலும், ஒதுக்கி வைத்தாலும் அது ராகிங்தான். சீனியர் மட்டுமல்ல, கிளாஸ்மேட் செய்தாலும் அப்படித்தான்.

போலீஸ் வரை போகுமா?

போகலாம். வடகிழக்கைச் சேர்ந்த பழங்குடியினரை ‘சிங்கி’ போன்ற சொல்லால் இழிவுபடுத்தினால் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2012-லேயே மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

வெறும் கிண்டலுக்கு இவ்வளவா?

2014 ஜனவரி, டெல்லி லஜ்பத் நகர். அருணாச்சலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கடையில் இருந்தவர்கள் கிண்டல் செய்தார்கள். கோபத்தில் அவர் கடைக் கண்ணாடியை உடைக்க, அவரை அடித்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அதன்பிறகு அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழு, இனரீதியாக இழிவுபடுத்துவதைத் தண்டிக்கத் தனிச் சட்டப் பிரிவுகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

எங்கே புகார் செய்வது?

கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழுவிடம் செய்யலாம். 1800-180-5522 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இயங்கும். குற்றம் உறுதியானால் சஸ்பெண்ட், ஹாஸ்டலில் இருந்து நீக்கம், கல்லூரியை விட்டே நீக்கம் வரை தண்டனை உண்டு.

டெல்லிக்குப் படிக்கப் போற நம்ம பசங்களை ‘மதராசி’ன்னு கூப்பிட்டா நமக்குச் சுருக்குன்னு இருக்கும்ல? பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கும் அதே வலிதான். எந்த ஊருன்னு கேட்பதில் தப்பே இல்லை. கேட்காமலே நாமாக ஒரு ஊரை ஒட்டிவிடுவதுதான் தப்பு.