கப்பலில் கொடுக்கும் இனாம்

ஓசூருக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரேனும் கேட்டால், கேட்டவரைக் குறை சொல்வதற்கில்லை. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில், சந்திரசூடேசுவரர் மலையின் அடியில் அமைந்திருக்கும் ஊர் அது. கிருஷ்ணகிரி ஜில்லாவில் நீர்ப்பரப்பு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் கிருஷ்ணகிரி அணையைத்தான் காட்ட வேண்டும். ஆயினும், ஜூஜூவாடி எல்லையிலிருந்து கிழக்கே தொழிற்சாலைகள் பெருகப் பெருக, ஊட்டியோடும் ஏற்காட்டோடும் திருப்தியடைந்திருந்த குடும்பங்களிலும், "கப்பலில் நாலு நாள் போய் வந்தால் என்ன?" என்னும் பேச்சு எழுந்திருக்கிறது.

எழுந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 2022 ஜூன் மாதத்தில் கார்டிலியா கம்பெனியாரின் "எம்பிரஸ்" என்னும் உல்லாசக் கப்பலைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கைக்குச் சென்று காங்கேசன்துறைக் கரையையும் தொட்டது. 1990-இல் பிரான்ஸ் தேசத்தில் கட்டப்பட்டு, பல ஆண்டுகள் அமெரிக்க ராயல் கரீபியன் கம்பெனியாருக்கு உழைத்த கப்பல் அது. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தூத்துக்குடியில் ஸ்தாபித்தபோது, அவர் கண்ட கனவு வேறு. இன்று நாம் காணும் காட்சி வேறு. எனினும், தமிழர்கள் பொழுதுபோக்குக்காகவே கப்பல் ஏறும் காலம் வந்துவிட்டது என்பது உண்மை.

கப்பல் ஏறியவர்களைக் கடல் மயக்கத்தைவிட அதிகமாகக் கலங்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு. கடைசி நாளன்று அறையைத் துப்புரவு செய்த பையனுக்கும், சாதம் பரிமாறிய பணியாளருக்கும் என்ன கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது? கொடுக்காவிட்டால் என்ன நினைப்பார்கள்?

காபிக்குக் காசு

இந்த வழக்கத்துக்கு உலகம் முழுவதும் பெயர் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் "பூர்புவார்" என்பார்கள். ஜெர்மானியர்கள் "டிரிங்க்கெல்ட்" என்பார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: குடிப்பதற்குக் கொடுக்கும் காசு. நம்மவர்களோ, "காபிக்குக் காசு" என்கிறோம். 1937 அக்டோபரில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரி ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகத் தொடங்கியது சேலம் ஜில்லாவில். அன்றைய சேலம் ஜில்லாவில் கிருஷ்ணகிரியும் ஓசூரும், ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் அடங்கியிருந்தன. ஆகவே, இப்பகுதியார் இனாம் கொடுக்கும்போது காபியின் பெயரைச் சொல்வது மிகவும் பொருத்தமே!

"இனாம்" என்பது அரபிலிருந்து வந்த சொல். "பக்ஷீஸ்" பாரசீகத்தின் கொடை. இரண்டிலும் கொடுப்பவன் மேலேயும் வாங்குபவன் கீழேயும் நிற்கும் வாசனை இருக்கிறது. நாம் இங்கே ஆராய வேண்டிய விஷயமும் அந்த வாசனைதான்.

கணக்கில் ஏறும் தொகை

முற்காலத்தில் கப்பல் பிரயாணத்தின் கடைசி இரவில் ஒவ்வொரு பிரயாணிக்கும் சிறு காகித உறைகளைக் கொடுப்பார்கள். அறைப் பணியாளுக்கு ஒன்று, பரிமாறுபவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளுக்கு ஒன்று என்று பணத்தை வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். சிலர் தாராளமாகக் கொடுப்பார்கள். சிலர் அந்த இரவில் சாப்பாட்டு மண்டபத்துக்கே வரமாட்டார்கள்.

இப்போது அமெரிக்கப் பெருங் கம்பெனிகள் உறைக்குப் பதிலாக வேறு முறையைக் கையாளுகின்றன. ஆள் ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பிரயாணியின் கணக்கில் தாமே ஏற்றிவிடுகிறார்கள். 2023 நவம்பரில் ராயல் கரீபியன் கம்பெனி இந்தத் தொகையைச் சாதாரண அறைக்கு 18 டாலராக உயர்த்தியது. தாய், தந்தை, இரண்டு குழந்தைகள் ஐந்து இரவு பிரயாணம் செய்தால் 360 டாலர். நம் நாணயத்தில் முப்பதினாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் கட்டணத்தில் இது சேர்ந்திராது.

இதோடு நிற்பதில்லை. பானங்கள் வாங்கினால் விலையின்மேல் 18 சதவிகிதம் பல கப்பல்களில் தனியாக ஏறும். நூறு ரூபாய் எலுமிச்சை ரசத்துக்கு நூற்றுப் பதினெட்டு ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது கருத்து. அங்கே கையொப்பமிடும் சீட்டில் "மேலும் இனாம்" என்று ஒரு வெற்றிடம் விட்டிருப்பார்கள். அதைக் கண்டு, முன்பு கொடுத்ததை மறந்து, இரண்டாம் முறை கொடுப்பவர்கள் அநேகர். துறைமுகத்தில் மூட்டை தூக்குவோருக்கு மட்டும் கையிலேயே கொடுக்க வேண்டும். அவர்கள் கப்பலைச் சேர்ந்தவர்கள் அல்லர். காப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் இனாம் கொடுப்பது மரியாதையன்று, அவர்கள் சம்பளக்காரர்கள்.

"அறைப் பையன் சம்பளக்காரன் இல்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

சம்பளமா, சன்மானமா?

உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற சிறு தேசங்களின் கொடியைப் பறக்க விட்டுக்கொண்டு ஓடுகின்றன. கொடி எந்தத் தேசத்தினுடையதோ, அந்தத் தேசத்தின் சட்டமே கப்பலுக்குள் செல்லும். கம்பெனியின் காரியாலயம் அமெரிக்காவில் இருந்தாலும், அமெரிக்காவின் கூலிச் சட்டம் இந்தோனேஷியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் நம் தேசத்திலிருந்தும் வந்த பணியாளருக்குப் பயன்படுவதில்லை. அறை துடைப்பவரும் பரிமாறுபவரும் அடிப்படைச் சம்பளம் சொற்பமாகவும், பிரயாணிகளின் இனாம் பெரும்பங்காகவும் வைத்தே வேலைக்கு அமர்த்தப்படுகிறார்கள். கணக்கில் ஏறும் தொகை பொதுவில் திரட்டப்பட்டு, நம் கண்ணில் படாத சலவைக்காரருக்கும் சமையற்கட்டு ஊழியருக்கும்கூடப் பல கப்பல்களில் பங்கிடப்படுகிறது.

ஆகையால், "எனக்கு இஷ்டமில்லை" என்று பிரயாணி விசாரணை மேஜைக்குச் சென்று அந்தத் தொகையை எடுக்கச் சொன்னால், நஷ்டம் முதலாளிக்கு அன்று. அநேக கப்பல்களில் அப்படி எடுக்கச் சொல்லும் உரிமை பிரயாணிக்கு உண்டு. எடுத்தால் குறைவது ஓர் ஏழையின் கூலி.

இந்தத் தந்திரம் புதிதன்று. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தபின், புல்மன் கம்பெனியார் தங்கள் படுக்கை வசதி ரயில் வண்டிகளில் விடுதலை பெற்ற நீக்ரோவர்களைச் சிப்பந்திகளாக அமர்த்தினார்கள். சம்பளம் மிகக் குறைவு; மற்றதைப் பிரயாணிகளிடம் சிரித்து வாங்கிக்கொள்ள வேண்டியது. பிரயாணிகள் அவர்களுடைய சொந்தப் பெயரைக் கேட்பதுகூட இல்லை; முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் எல்லாரையும் "ஜார்ஜ்" என்றே கூப்பிடுவார்கள். 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ப் என்னும் தீரர் அவர்களுக்குச் சங்கம் அமைத்தார். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937-இல் கம்பெனியுடன் ஒப்பந்தம் கண்டார்கள். அவர்கள் கேட்டது அதிக இனாம் அன்று, மானமான சம்பளம்.

களத்து மேட்டின் பாடம்

நம் கிராமங்களில் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. களத்தில் தானியத்தை அளக்கும்போது, மேல்வாரம், குடிவாரம் என்று பிரிப்பதற்கு முன்பே, கொல்லர், தச்சர், வண்ணார் முதலிய ஊர்த் தொழிலாளருக்கு இவ்வளவு மரக்கால் என்று பொதுக் குவியலிலிருந்து அளந்து விடுவார்கள். இதற்கு "மேரை" என்று பெயர். அந்த ஏற்பாட்டில் ஜாதிக் கட்டும் கொடுமையும் கலந்திருந்தன. அதை மெச்சிப் பேசுவதற்கில்லை. ஆனால் ஒரு நியாயம் அதில் இருந்தது. மேரை ஒருவருடைய சந்தோஷத்தைப் பொறுத்ததன்று, அது பாத்தியதை. மிராசுதாருக்கு அன்று மனம் சரியில்லை என்பதற்காகக் கொல்லரின் படி குறையாது.

கப்பற் கம்பெனிகள் கணக்கில் ஏற்றும் தொகை ஏறக்குறைய மேரையாகிவிட்டது. ஆனால் அதை இனாம் என்றே அழைக்கிறார்கள். பெயரை மாற்றாததால் இரு லாபம்: கட்டணம் குறைவாகத் தோன்றும், கூலியின் பாரம் பிரயாணியின் தலையில் விழும்.

ஓசூர்த் தொழிலாளருக்கு இதை விளக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. தீபாவளிக்கு வாங்கும் போனஸின் சரித்திரமே போதும். 1917-இல், யுத்த காலத்தில், பம்பாய் ஆலை முதலாளிகள் லாபம் பெருகிற்று என்று தாமாக 10 சதவிகிதம் கொடுத்தார்கள். அன்று அது வெறும் தயை. பிறகு முதலாளிகள் நிறுத்தினார்கள்; 1924-இல் பம்பாயில் பெரும் வேலை நிறுத்தம் மூண்டது. நாற்பது ஆண்டுகள் வழக்கும் வாதமும் நடந்தன. 1965-இல் போனஸ் சட்டம் பிறந்தது, குறைந்தது 4 சதவிகிதம் கொடுத்தே தீரவேண்டும் என்று விதித்தது. தயையாகத் தொடங்கியது உரிமையாக முடிந்தது. கப்பல் இனாமும் அந்தப் பாதையில்தான் நடக்க வேண்டும்.

நடக்க முடியும் என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. ஆங்கிலேயரின் பி. அண்டு ஓ. கம்பெனி ஒரு காலத்தில் கோவாக்காரர்களைப் பரிமாறும் பணியில் வைத்துக் கிழக்கையும் மேற்கையும் இணைத்தது. அந்தப் பெயர் தாங்கிய பிரிட்டிஷ் உல்லாசக் கப்பல்களில் 2019 மே மாதம் முதல் தினசரி இனாம் வசூலை எடுத்துவிட்டுக் கட்டணத்தோடு சேர்த்துவிட்டார்கள். கப்பல் மூழ்கிவிடவில்லை!

நம் தேசத்துச் சட்டமும் இந்த விஷயத்தில் தூங்கவில்லை. ஹோட்டல்கள் "சர்வீஸ் சார்ஜ்" என்று பில்லில் தாமாகவே சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்தது. ஹோட்டல்காரர்கள் வழக்காடினார்கள். 2025 மார்ச்சில் டில்லி ஹைக்கோர்ட்டு ஆணையத்தின் விதியே செல்லும் என்று தீர்ப்பளித்தது. கிருஷ்ணகிரிச் சாலையில் இட்லி சாப்பிடும் குடும்பத்துக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும். வாடிக்கைக்காரனுக்கு இது நன்மை. பரிமாறுபவருக்கு நன்மை வேண்டுமானால், முதலாளி சம்பளத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும்.

நம் பிள்ளைகள்

இந்த விஷயம் பிரயாணம் செய்பவர்களை மட்டும் சேர்ந்ததன்று. சமையற் கலையும் ஹோட்டல் நிர்வாகமும் படித்த நம் இளைஞர்கள் பலர் கப்பல் வேலைக்கு ஆசைப்படுகிறார்கள். "டாலரில் டிப்ஸ் கொட்டும்" என்று ஏஜெண்டு சொல்வதை நம்பி, நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டும் பெற்றோர்கள் ஒரு சட்டத்தை அறிந்திருப்பது அவசியம்.

கடல் தொழிலாளருக்கான சர்வதேச உடன்படிக்கை 2006-இல் ஏற்பட்டு 2013-இல் அமலுக்கு வந்தது. 2015-இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. அதன்படி, வேலை தேடித் தரும் ஏஜெண்டு பணியாளனிடம் கட்டணம் வாங்கலாகாது. வைத்திய சர்ட்டிபிகேட்டு, மாலுமிப் பணிப் புத்தகம், பாஸ்போர்ட்டு ஆகியவற்றின் செலவு மட்டுமே பணியாளனைச் சேர்ந்தது. விசாச் செலவு கப்பல் முதலாளியுடையது. கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தைப் படித்து ஆலோசனை கேட்க அவகாசம் கொடுக்க வேண்டும். 24 மணிக்குள் 10 மணி நேரமும், வாரத்தில் 77 மணி நேரமும் ஓய்வு உண்டு. ஏஜெண்டு மத்திய சர்க்காரின் உரிமம் பெற்றவரா என்று முதலில் விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் உறுதியாக எழுதிய சம்பளம் எவ்வளவு, இனாமை நம்பிச் சொல்லும் தொகை எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள். முன்னது சம்பளம், பின்னது ஜோசியம்.

1888-இல் காந்தியடிகள் சீமைக்குச் சென்ற "கிளைடு" கப்பலில் பணியாளிடம் இங்கிலீஷில் பேசுவதற்கே கூச்சப்பட்டதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இன்று அந்தக் கூச்சம் நமக்கு இல்லை. ஆகவே, சீட்டு வாங்குமுன் இனாம் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். தனியென்றால் அதையும் செலவுத் திட்டத்தில் எழுதிக்கொண்ட பிறகே புறப்படுங்கள். ஏற்றிய தொகையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். கோபம் முதலாளியின்மேல் இருந்தால் கம்பெனிக்குக் கடிதம் எழுதுங்கள். எவரேனும் உங்கள் குழந்தையிடமோ வயோதிகத் தாயிடமோ விசேஷ அன்பு காட்டியிருந்தால், அவருடைய பெயரைக் கேட்டறிந்து, அவரைப் பாராட்டி மேலதிகாரிக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். பிறகு விருப்பமிருந்தால் கையில் கொஞ்சம் கொடுங்கள். அது ஒன்றுதான் உண்மையில் இனாம். மற்றதெல்லாம் அவர் உழைத்த கூலி.