கரண்டு காருக்கு வீட்டில் சார்ஜர் – என்ன செலவாகும்?

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை மாணவன்)

"தம்பி, நீ கரண்டுதானே படிக்கிற? வீட்ல கார் சார்ஜ் போட எவ்வளவுடா ஆகும்?"

சென்ற கோடை விடுமுறையில் என் பெரியப்பா போனில் கேட்ட கேள்வி இது. அவர் வீடு அறந்தாங்கிப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறார். பேங்க் பாரம் நிரப்ப, வந்த தபாலைப் படித்துச் சொல்ல என்றுதான் இதுவரை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் படிப்பைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "நாளைக்குச் சொல்றேன் பெரியப்பா" என்று பந்தாவாகச் சொல்லிவிட்டேன். பதில் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று நண்பர்களே!

பெரியப்பா சிங்கப்பூரில் இருபது வருடம் உழைத்துவிட்டுத் திரும்பி வந்து ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். சரக்கு எடுக்க வாரம் மூன்று தடவை புதுக்கோட்டை வருவார். போகவர சுமார் எழுபது கிலோமீட்டர். பெட்ரோல் செலவு தாங்காமல் ஒரு டியாகோ இ.வி. வாங்கினார். பேட்டரி 24 கிலோவாட் அவர். அதாவது காலியான பேட்டரி நிரம்ப 24 யூனிட். நஷ்டத்தையும் சேர்த்தால் 26, 27 யூனிட் மீட்டரில் ஓடும்.

முதலில் ஒரு விஷயம். சுவரில் மாட்டும் பெட்டியைத்தான் நாம் சார்ஜர் என்கிறோம். உண்மையில் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. வெளியே இருக்கும் பெட்டி ஒரு புத்திசாலி சுவிட்ச், அவ்வளவுதான். அது ஒரு தனிக் கம்பி வழியாக 12 வோல்ட், 1 கிலோ ஹெர்ட்ஸ் சதுர அலையைக் காருக்கு அனுப்புகிறது. அந்த அலையின் டியூட்டி சைக்கிள் 25 சதவீதம் என்றால் "15 ஆம்பியர் வரை இழுக்கலாம்" என்று அர்த்தம். பவர் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் தூங்கியவர்கள் இப்போது வருத்தப்படலாம்! இதோடு இன்னொரு வேலையும் அது செய்கிறது. எர்த் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சிவப்பு விளக்கு; சார்ஜ் ஏறாது.

பெரியப்பா வீட்டில் நடந்ததும் அதுதான். காரோடு வந்த கேபிளைப் போர்டிகோவில் இருந்த 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினார். சிவப்பு விளக்கு. பக்கத்து ஊரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் சாக்கெட்டைக் கழற்றினார், ஒரு சாண் வயரை எடுத்தார், ஏதோ செய்தார். ஐந்தே நிமிடத்தில் பச்சை விளக்கு! கூலி 200 ரூபாய். இதற்குள் ஒரு கடைக்காரர், "7.2 கிலோவாட் பெட்டி மாட்டிக்கோங்க, வேகமா ஏறும், எல்லாம் சேர்த்து 55,000" என்று எழுதிக் கொடுத்திருந்தார். 200 ரூபாயில் முடிந்ததற்கு 55,000 எதற்கு என்பதுதான் பெரியப்பாவின் சந்தேகம். அதனால்தான் எனக்குப் போன்.

நான் போய் அந்த சாக்கெட்டைத் திறந்து பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து வைத்திருக்கிறார்! பெட்டி எர்த் எங்கே என்று தேடியது, நியூட்ரலைப் பார்த்து ஏமாந்து பச்சை காட்டிவிட்டது. எல்லாம் நன்றாக இருக்கும்வரை நியூட்ரல் ஏறக்குறைய பூஜ்ய வோல்ட்டில்தான் இருக்கும். ஆனால் காற்று மழையில் கம்பத்திலோ, மீட்டர் போர்டிலோ நியூட்ரல் அறுந்தால்? ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன், டியூப்லைட் வழியாக வரும் பேஸ், திரும்பிப் போக வழியில்லாமல் அந்தத் துண்டு வயர் மூலம் காரின் இரும்பு உடம்புக்கு வந்து நிற்கும். 230 வோல்ட். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கார்க் கதவைத் திறப்பவர் கதி? 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்த மாவட்டம் நம்முடையது. கம்பி அறுவது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றே அந்தத் துண்டு வயரைப் பிடுங்கிவிட்டேன். "ஓடிக்கிட்டிருந்த காரை நிறுத்திப்புட்டான், படிச்ச புள்ள!" என்று பெரியம்மா இரண்டு நாள் பேசவில்லை.

சரி, எர்த் ஏன் இல்லை? எங்கள் லேப் சாரிடம் அனுமதி வாங்கி எர்த் டெஸ்டரை எடுத்துப்போய்ப் பார்த்தேன். வீடு கட்டும்போது அடித்த ஜி.ஐ. கம்பி இருந்தது, அதிலிருந்து மீட்டர் போர்டுக்கு வரும் வயர் துருப்பிடித்து அறுந்து கிடந்தது. கம்பியை மட்டும் அளந்தால் 46 ஓம். மே மாதம், காய்ந்த செம்புரை மண், வேறென்ன காட்டும்? இப்போது கணக்குப் பாருங்கள். 230ஐ 46ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். காரின் உடம்பில் பேஸ் பட்டாலும் 5 ஆம்பியர்தான் மண்ணுக்குள் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கெல்லாம் அசையவே அசையாது! எம்.சி.பி. இருக்கிறது, பயமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது வயரைக் காப்பாற்ற வந்தது, ஆளைக் காப்பாற்ற அல்ல. ஆளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும்.

அடுத்தது வயர். 3.3 கிலோவாட்டை 230ஆல் வகுத்தால் 14.3 ஆம்பியர். மிக்சி, அயர்ன் பாக்ஸ் போல ஐந்து நிமிடம் இல்லை. எட்டு மணி நேரம் விடாமல் ஓடும். போர்டிகோ சாக்கெட்டுக்கு வந்திருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், 25 மீட்டர் தூரம். போகவர 50 மீட்டருக்கு ஏறக்குறைய 0.65 ஓம். ஐ ஸ்கொயர் ஆர் போட்டால் 130 வாட்டுக்கு மேல். சுவருக்குள் ராத்திரி முழுக்க இரண்டு பழைய குண்டு பல்பு எரிகிற மாதிரி! சாக்கெட்டில் பிடிப்பு தளர்ந்து 0.1 ஓம் இருந்தாலே அந்த ஒரு புள்ளியில் 20 வாட். நம் லேபில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அந்த சாக்கெட் ஏன் மஞ்சளாகக் கருகியிருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

ஆக, நான் போட்ட எஸ்டிமேட் இது. மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் மூன்று, மொத்தம் 75 மீட்டர், சுமார் 5,600 ரூபாய். ஆர்.சி.சி.பி. (ஏ டைப்பாகக் கேட்டு வாங்க வேண்டும்; காருக்கு சாதாரண ஏ.சி. டைப் போதாது) 2,500. இருபது ஆம்பியர் எம்.சி.பி. 300. தரமான சாக்கெட், பெட்டியோடு 700. பைப், கிளாம்ப் வகையறா 1,200. புதிய எர்த் குழி, ஜி.ஐ. பைப், கரி, உப்பு, தோண்டுகூலி எல்லாம் 4,500. லைசென்ஸ் உள்ள ஒயர்மேனுக்கு இரண்டு நாள் கூலி 2,400. கூட்டினால் 17,200. (நாம் டிப்ளமோ படிக்கிறோம் என்பதற்காக நாமே மாட்டக்கூடாது. நான் கணக்குதான் போட்டேன். வேலை பார்த்தது ஒயர்மேன் அண்ணன்.) 55,000 ரூபாய் பெட்டி பெரியப்பாவுக்குத் தேவையில்லை. அது 31 ஆம்பியர் இழுக்கும். வீட்டு சிங்கிள் பேஸ் சர்வீஸ் தாங்காது, ஈ.பி.யில் லோடு கூட்ட எழுதிக்கொடுத்துப் பணம் கட்ட வேண்டிவரும். ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திக் காலை ஆறு மணிக்கு எடுக்கிற காருக்கு அவசரம் என்ன?

இதில் பெரியப்பா வெட்டச் சொன்னது எதை என்று நினைக்கிறீர்கள்? எர்த் குழியைத்தான்! "மண்ணுக்குள்ள போய் 4,500 ரூபாயைப் புதைக்கணுமாடா?" என்றார். வயரைப் பார்க்க முடிகிறது, பெட்டியைப் பார்க்க முடிகிறது. குழியைப் பார்க்க முடியாது. எனக்கு எங்கள் வீட்டு ஞாபகம் வந்தது. அம்மா கிரைண்டரைத் தொடும்போது மணைப்பலகை மேல் ஏறி நிற்பார். "லேசா சுர்ருங்கும், பழகிப்போச்சு" என்பார். நான் இரண்டாம் வருடம் படிக்கும்வரை எனக்கும் அது பழக்கமாகத்தான் தெரிந்தது, பழுதாகத் தெரியவில்லை. இதைச் சொன்னதும் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, தோண்டச் சொல்லு" என்றார். குழி போட்டபின் அளந்தால் 9 ஓம்.

மாதாமாதம் ஆகும் செலவையும் பார்த்துவிடுவோம். 2024 ஜூலை கட்டண விகிதத்தில் போட்டிருக்கிறேன். பெரியப்பா வீட்டில் முன்பு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு 2.35, அதற்குமேல் 4.70, பில் 705 ரூபாய். கார் இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓடுகிறது, யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் வைத்தால் 285 யூனிட். மொத்தம் 585. இங்கேதான் சூட்சுமம்! 500ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும், அந்த யூனிட்டுகளும் 4.70 ஆகிவிடும். சரியாக 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 பைசா. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! 585க்கு 2,754 வருகிறது. ஆக காருக்கு மட்டும் 2,049. கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 13,300 ஆகியிருக்கும். 17,200 ரூபாய் நான்கு மாதத்துக்குள் திரும்பிவிடுகிறது. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இவ்வளவு பயப்பட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஐம்பது, அறுபது யூனிட்தான் கூடும். ஆனால் எர்த் அதற்கும் வேண்டும்.

பெரியப்பா கார் இப்போது பச்சை விளக்கில் ஏறுகிறது, நிஜப் பச்சை. வயர் மிச்சம் கொஞ்சம் கொடுத்தார். எங்கள் வீட்டுக் கிரைண்டருக்கு எர்த் இழுக்க ஒயர்மேன் அண்ணன் தை மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கோடையில் எர்த் குழி காய்ந்தால் ஓம் மறுபடி ஏறிவிடும் என்பதால், வாரம் ஒரு குடம் தண்ணி ஊற்றினாரா என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரியப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "ஊத்திட்டேன்டா இன்ஜினியரு, போனை வை" என்கிறார்.