கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் டெம்போ ஏறினேன். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாங்கள் நான்கு பேர். நெல்லித்தோப்பில் ஒரு பெண் மீன்கூடையோடு ஏறினாள். "அக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க." ஒருத்தி முட்டியை ஒடுக்கினாள், ஒரு பெரியவர் பையைத் தூக்கி மடியில் வைத்தார், நான் ஓரக் கம்பியோடு ஒட்டிக்கொண்டேன். ஒரு சாண் இடம் வந்துவிட்டது.

முப்பது வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த 'அட்ஜஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல் எங்கள் பாடத்திலிருந்து போனதுதான். லத்தீனில் 'யுக்ஸ்தா' என்றால் பக்கத்தில். அதிலிருந்து, ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் கொண்டுவருவதற்குப் பழைய பிரெஞ்சில் ஒரு வினை பிறந்தது. நம் 'யோக'த்துக்கும் இந்த 'யுக்ஸ்தா'வுக்கும் ஆதி வேர் ஒன்று என்பது மொழியியலாளர் முடிவு. இன்றைய பிரெஞ்சில் 'அஜுத்தே' என்றால் சேர்ப்பது, 'அஜுஸ்தே' என்றால் சரியாகப் பொருத்துவது. 'நியாயமான' என்று பொருள்படும் 'ஜுஸ்த்' என்ற சொல்லின் வாடை இரண்டாவதில் ஏறிவிட்டது. பிள்ளைகள் இரண்டையும் குழப்பி, 'உப்பைச் சேர்' என்பதை 'உப்பைப் பொருத்து' என்று எழுதிவைப்பார்கள். என் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுச் சிப்பாய். 1954 நவம்பர் 1-இல் ஊர் இந்தியாவின் கைக்கு வருவதற்கு முன்பே பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர். துப்பாக்கியில் குறி பார்ப்பதற்கும் அவர் 'அஜுஸ்தே' என்றுதான் சொல்வார்.

ஆங்கிலேயர் இந்த வினையைக் கடிகாரத்துக்கும் கருவிக்கும் வைத்தார்கள், காப்பீட்டு நஷ்டத்தைக் கணக்குத் தீர்க்கவும் வைத்தார்கள். மனிதர் புது இடத்துக்குப் பழகுவது பிறகு வந்த பொருள்.

தமிழில் அது 'பண்ணு' என்ற துணையோடுதான் நடக்கும். தானாக நடந்தால் 'அட்ஜஸ்ட் ஆயிடுச்சு'. 'பண்ணிக்குங்க' என்பதில் ஒரு 'கொள்' ஒளிந்திருக்கிறது பாருங்கள். செய்கிற வேலையைச் செய்பவர் மேலேயே திருப்பிவிடும் சொல் அது. டெம்போவில் அந்தக் 'கொள்' நாலு பேருக்கும் பொது. வீட்டில் அப்படியில்லை. கல்யாணமாகி நான் குருசுக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டைக்குப் போன அன்று அம்மா காதில் சொன்னது, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி." அங்கே மாமியார் சொன்னது, "அனுசரிச்சுப் போம்மா." அனுசரிப்பது வடமொழியில் பின்னாலேயே போவது. அட்ஜஸ்ட் அப்படிப்பட்ட சொல்லே இல்லை. பக்கத்தில் வருவதுதான் அதன் பிறவிக் குணம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி மட்டும் நாற்பது வருஷம் நகர்ந்துகொண்டே இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மகளிடமோ மருமகளிடமோ இந்தச் சொல்லைச் சொல்ல வாயெடுக்கிறவர்களே, முதலில் நீங்கள் ஒரு சாண் நகர்ந்து உட்காருங்கள்.