உங்களுக்குத் தெரியுமா? கேத்தில் தண்ணியும் மன்னார்க் காற்றும்

ஒரு லீற்றர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர மின்கேத்திலுக்குக் கிட்டத்தட்ட 0.09 அலகு மின்சாரம் தேவை. அதே மின்சாரத்தில் 9 வாட் எல்.ஈ.டி. விளக்கொன்று பத்து மணி நேரம் எரியும். வீட்டில் இரண்டு பேர்தான். ஆனாலும் ஐந்து கோப்பைக்கு அந்த ஒரு லீற்றரையும் வைத்து, மிச்சத்தை ஆறவிட்டு ஊற்றிவிடுகிறோம். ஆறு மணி நேர வெளிச்சம் அதோடு போகிறது. குழாயின் கீழே கேத்திலைப் பிடிக்காமல், குடிக்கப்போகும் கோப்பையாலேயே அளந்து ஊற்றுங்கள். உள்ளே இருக்கும் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம்.

●

மாதம் 60 அலகு என்பது இலங்கையின் வீட்டு மின்கட்டணத்தில் ஒரு வேலி. அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கணக்கு வேறு, நிலையான கட்டணமும் வேறு. நாளுக்கு ஒரு லீற்றர் வீணாகக் கொதித்தால் மாதத்தில் ஏறக்குறைய 3 அலகு. 58 இல் நிற்க வேண்டிய வீட்டை 61 இல் கொண்டுபோய் நிறுத்த அது போதும்.

●

மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் வரிசையாக நிற்கும் 'தம்பபவனி' காற்றாலைகள் மொத்தம் 30. 2020 டிசம்பரில் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் நல்ல காற்றில் 3.45 மெகாவாட் தரும். 2000 வாட் கேத்திலில் சொன்னால், ஒரு காற்றாலை முழு வேகத்தில் சுற்றும்போது ஒரே நேரத்தில் 1,725 கேத்தில்களைக் கொதிக்க வைக்கும். முப்பதும் சேர்ந்தால் 51,750.

இந்த மின்சாரத்துக்குப் புகை இல்லை, நிலக்கரி இல்லை. ஆனால் இடம் கொடுப்பது இந்தத் தீவு. வடக்கே இருந்து பல்லாயிரம் மைல் பறந்து வரும் பறவைகள் இறங்கும் மண் இது. தீவை அடுத்துள்ள வங்காலைச் சரணாலயம் 2010 இல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் அதனால்தான். இன்னும் காற்றாலைகள் வரப்போகின்றன என்றதும் 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் தெருவில் இறங்கினார்கள். மழைத்தண்ணீர் வழிந்தோடும் பாதை அடைபடுகிறது, கடற்தொழில் கெடுகிறது என்பது அவர்களின் முறைப்பாடு. அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அதனாலேயே, வீணாகக் கொதிக்கும் ஒரு கோப்பைத் தண்ணீரும் என் கண்ணில் படுகிறது.

●

கேத்தில் தானாக நிற்பது தண்ணீரின் சூட்டை அளந்து அல்ல, ஆவியை உணர்ந்துதான். கொதிக்கும்போது எழும் ஆவி ஒரு சிறு துளை வழியாக ஈருலோகத் தகடொன்றைத் தொடும். இரண்டு உலோகமும் ஒரே அளவில் விரியாததால் தகடு வளைந்து சுவிச்சைத் தட்டிவிடும். 1950களில் இங்கிலாந்தில் வீடுகளுக்கு வந்த உத்தி இது. மூடியைத் திறந்து வைத்தால் ஆவி மேலே போய்விடும், தகட்டுக்குச் செய்தி போகாது, கேத்தில் கொதித்துக்கொண்டே இருக்கும்.

●

அப்படி இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொதித்தால் என்ன ஆகும்? 2000 வாட் கேத்திலில் அரைக் கோப்பை அளவு தண்ணீர் ஆவியாகிப் போகும். அந்தச் சக்தியில் புதிதாக முக்கால் லீற்றருக்கும் மேல் கொதிக்க வைத்திருக்கலாம். ஒரு லீற்றரை 30 பாகையிலிருந்து 100க்கு ஏற்றுவதைவிட, அந்த லீற்றரை முழுவதும் ஆவியாக்க ஏழரை மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும்.

ஆவிக்குள் அவ்வளவு பலம் அடைந்து கிடப்பதால்தான் தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடியது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே பயணிகளை ஏற்றி இறக்கியவை நீராவிக் கப்பல்கள். கொழும்பிலிருந்து இறங்குதுறைவரை வந்த ரயிலை இழுத்ததும் அந்த நாளில் நீராவிதான். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்த வழி முடிந்தது. கப்பலை ஓட்டியது வேண்டி உண்டாக்கிய ஆவி. குசினி யன்னலால் வெளியே போவது யாருக்கும் உதவாத ஆவி.

●

கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. முருங்கன் பக்கத்தில் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. மற்ற உப்புகள் பெரும்பாலும் சூட்டில் கூடுதலாகக் கரையும், இது மாறாகச் சூட்டில் படியும். இந்தப் படிவால் மின்சாரம் பெரிதாக வீணாகிறது என்பதை நான் ஏற்கவில்லை. சூட்டுத்தட்டு அளவுக்கு மிஞ்சிச் சூடேறிச் சீக்கிரம் பழுதாகும். நட்டம் அங்கேதான். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒரு மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். பழப்புளிக் கரைசலும் வேலை செய்யும்.

●

குடிக்கிற தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்க வைக்கத் தேவையில்லை. தளதளவென்று கொதித்ததும் இறக்கி, மூடியபடி ஆறவிட்டால் கிருமிகளுக்கு அது போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உவர்க் கிணற்றுத் தண்ணீரோ எவ்வளவு கொதித்தாலும் நன்னீர் ஆகாது. ஆவி போகப்போக உப்புக் கூடும்.

●

2000 வாட் கேத்தில் 230 வோல்டில் ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். பழைய 5 அம்பியர் பிளக்கில் அதைக் கொழுவவே கூடாது.

●

1990 ஜூலை 4. உதைபந்தாட்ட உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜேர்மனியிடம் தோற்ற உடனே, பிரித்தானியாவின் மின்தேவை ஒரேயடியாக 2,800 மெகாவாட் ஏறியது. தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவர்கள் எழும்பிப் போய்க் கேத்திலைப் போட்டதுதான் முக்கிய காரணம். தம்பபவனியைப் போல 27 இருந்தாலும் அந்தத் தேவைக்கு மட்டுமட்டு.

●

மன்னார் வெயிலும் ஒரு அடுப்புத்தான். மூடிய எவர்சில்வர்ச் சட்டியில் தண்ணீரை முற்றத்து வெயிலில் வைத்து 10 பாகை ஏறினாலே கொதிக்க வைக்கும் சக்தியில் ஏழில் ஒரு பங்கு மிச்சம். விறகு, பொச்சு, ஊமல் எரிக்கும் வீடுகளுக்கும் இதே கணக்குத்தான். சட்டிக்கு மூடி போட மறக்க வேண்டாம்.

●

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை இலங்கையில் மின்சாரத்துக்கு உச்ச நேரம். அந்த வேளைத் தேவையை ஈடுகட்ட எண்ணெய் எரிக்கும் நிலையங்களையும் ஓட்ட வேண்டிவருகிறது. பின்னேரத் தேத்தண்ணிக்குக் கேத்தில் போடும்போதே இரவுக்கு வேண்டியதையும் சேர்த்துக் கொதிக்க வைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் அடைத்துவிடலாம். அந்தப் போத்தலின் மூலவடிவத்தை 1892 இல் ஜேம்ஸ் டிவார் செய்தது, திரவமாக்கிய வாயுக்களைக் குளிராக வைத்திருக்க. இரண்டு சுவருக்கும் இடையில் இருக்கும் வெற்றிடம் குளிரைக் காப்பது போலவே சூட்டையும் காக்கும். ஒன்பது மணிக்கு, கடலுக்குப் போகிறவருக்கு இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீ ஊற்றும்போது கேத்திலைத் தொடவே வேண்டியதில்லை.