பிளாஸ்டிக் பொதிகள்: வட்டத்தைப் பூர்த்தி செய்வது யார் பொறுப்பு?

கடையில் ஒரு பொருளை வாங்கும்போது அதன் பொதிக்கும் சேர்த்தே நாம் விலை கொடுக்கின்றோம். பொருள் முடிந்ததும் வெற்றுப் பொதி எம் கையில் எஞ்சுகின்றது. அதனை யார் எடுத்துச் செல்வது, எங்கே கொண்டு போவது, அதற்கான செலவை யார் ஏற்பது என்பவை அந்த விலையில் சேர்ந்திருப்பதில்லை. நகரத்தில் அது குப்பை வண்டியில் ஏறுகின்றது. வண்டி வராத கிராமத்தில் குசினிக்குப் பின்னால் எரிக்கப்படுகின்றது; அல்லது மழை வெள்ளத்தோடு வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போய்ச் சேர்கின்றது.

உலகெங்கும் நிலைமை இதுவே. 2015ஆம் ஆண்டு வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு ஏறத்தாழ 630 கோடி தொன் என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இதில் 9 வீதமே மீள்சுழற்சி செய்யப்பட்டது. 12 வீதம் எரிக்கப்பட்டது. மிகுதி 79 வீதமும் குப்பை மேடுகளிலும் நிலத்திலும் நீரிலும் தங்கிவிட்டது. பிளாஸ்டிக்கை வேறெத்துறையையும் விடக் கூடுதலாகப் பயன்படுத்துவது பொதியிடல் துறையே. வாங்கிய அன்றே எறியப்படுவதும் பெரும்பாலும் பொதிதான்.

இதற்குப் பரிகாரமாக இன்று பேசப்படுவது 'சுழற்சிப் பொருளாதாரம்'. பெயர் புதிது, கருத்து எமக்குப் புதிதல்ல. சோடாப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்து வைப்புப் பணத்தைப் பெற்றதைப் பலர் நினைவில் வைத்திருப்பர். பழைய போத்தல் வாங்க வீடு வீடாக வரும் வியாபாரியையும் நாம் அறிவோம். அந்தக் கண்ணாடிப் போத்தல் கம்பனிக்குத் திரும்பிச் சென்று, கழுவப்பட்டு, மீண்டும் நிரப்பப்பட்டு எம்மிடம் வந்தது. அதற்கு ஒரு பெறுமதி இருந்தது. திரும்பிச் செல்ல ஒரு வழி இருந்தது. வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். பிளாஸ்டிக் பொதிக்கு இம்மூன்றும் ஏன் இல்லாமற் போயின?

பிளாஸ்டிக் ஒன்றல்ல, பல

பிளாஸ்டிக் என்ற ஒரே சொல்லால் நாம் அழைப்பவை உண்மையில் பல வேறு பொருட்கள். தண்ணீர்ப் போத்தல் 'பெற்' என்னும் வகை. அதன் மூடி பொலித்தீன் அல்லது பொலிபுறப்பிலீன். இவற்றை ஒன்றாக உருக்கினால் நல்ல பொருள் கிடைக்காது. ஆனால் பிரிப்பது எளிது. போத்தலையும் மூடியையும் சிறு துண்டுகளாக வெட்டித் தண்ணீரில் இட்டால் 'பெற்' அடியில் தங்கும். மூடியின் துண்டுகள் மிதக்கும்.

சிறிய ஷாம்புப் பைக்கற்றுக்கு இந்த வசதி இல்லை. அது மெல்லிய தாளாகத் தோன்றினாலும் இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக்கும் சில வேளைகளில் அலுமினியமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டது. ஒட்டியதைப் பிரிக்கும் செலவு பொருளின் பெறுமதியிலும் பார்க்கப் பன்மடங்கு அதிகம். ஆகவே அதனை எவ்வளவு கவனமாகச் சேகரித்தாலும் வாங்குவதற்கு ஆள் இல்லை. கறுப்பு நிறத் தட்டுகளுக்கும் இதே கதிதான். தரம் பிரிக்கும் இயந்திரங்கள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு வகையை அறிகின்றன. கறுப்பு நிறத்துக்குச் சேர்க்கப்படும் கரித்தூள் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் இயந்திரத்துக்கு அவை புலப்படுவதில்லை.

இவற்றையெல்லாம் முடிவு செய்வது யார்? பாவனையாளர் அல்லர், பிரதேச சபையும் அல்ல. பொதியை வடிவமைக்கும் கம்பனியே முடிவு செய்கின்றது. அம்முடிவின் செலவைத் தாங்குவோர் வேறு ஆட்கள். வட்டம் முறிவது இந்த இடத்திலேயே.

ஜேர்மனியின் 'பச்சைப் புள்ளி'

இச்செலவை உற்பத்தியாளரிடம் திருப்பிவிட முதலில் துணிந்த நாடு ஜேர்மனி. 1991 யூன் மாதத்தில், கிளவுஸ் தொப்ஃபர் சுற்றாடல் அமைச்சராக இருந்த காலத்தில், பொதிகள் பற்றிய ஒழுங்குவிதி அங்கு பிறப்பிக்கப்பட்டது. அதன் சாரம் எளிமையானது: பொதியைச் சந்தைக்கு விடுபவரே அதனைத் திருப்பி எடுக்கவும் வேண்டும். கடைக்காரர் வெற்றுப் பொதிகளைக் கடையிலேயே ஏற்க வேண்டும். ஆனால் நாடு முழுவதும் வீடுகளிலிருந்து பொதிகளைச் சேகரிக்கும் பொது ஏற்பாடு ஒன்றில் கம்பனிகள் சேர்ந்தால், கடைக்காரருக்கு அக்கடமையிலிருந்து விலக்கு உண்டு.

இச்சட்டம் வருவதை அறிந்த 95 கம்பனிகள் 1990 செப்டெம்பரிலேயே கூடி ஒரு பொது நிறுவனத்தை ஆரம்பித்தன. பொதி செய்வோர், பொருளை நிரப்புவோர், விற்போர் எனச் சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிட்ட பலரும் அதில் ஒன்றாக அமர்ந்தனர். நகரசபைகளின் குப்பை வண்டிக்குப் புறம்பாக இரண்டாவதொரு சேகரிப்பு இயங்கியதால் அதற்கு 'இரட்டை முறைமை' என்று பெயர். இதற்குப் பணம் கட்டிய கம்பனி தன் பொதியில் ஒன்றோடொன்று வளைந்து பொருந்திய இரு அம்புக்குறிகளைக் கொண்ட 'பச்சைப் புள்ளி' அடையாளத்தைப் பொறித்தது. இந்த அடையாளத்தைக் கண்டு, இப்பொதி மீள்சுழற்சிக்கு உகந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கட்டணம் செலுத்தப்பட்டுள்ளது என்பது மாத்திரமே அதன் பொருள்.

கட்டணம் பின்னர் எடைக்கும் பொருளின் வகைக்கும் ஏற்ப மாற்றப்பட்டது. 1994 அளவில் ஒரு கிலோ பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ 3 மார்க் கட்ட வேண்டியிருந்தது. ஒரு கிலோ கண்ணாடிக்கு 15 பெனிக் மட்டுமே. நூறு பெனிக் ஒரு மார்க் ஆகும். தேவையற்ற பெட்டிகளையும் இரட்டை உறைகளையும் கம்பனிகள் தாமாகவே கைவிடத் தொடங்கின. போதனையால் வராத மாற்றம் கட்டணச் சீட்டால் வந்தது.

வந்த இடையூறுகள்

எனினும் இம்முயற்சி நேர்வழியில் மாத்திரம் சென்றது என்று கூற முடியாது. 1993இல் அந்நிறுவனம் முறிந்துபோகும் நிலைக்கு வந்தது. பல கம்பனிகள் அடையாளத்தைப் பொறித்துவிட்டுப் பணத்தைக் கட்டாமலோ குறைத்துக் கட்டியோ வந்தன. மறுபுறம், மக்கள் எதிர்பார்த்ததற்கும் அதிகமாகப் பிளாஸ்டிக்கைப் பிரித்துக் கொடுத்தனர்; அதைப் பதப்படுத்தும் ஆலைகள் நாட்டில் போதியளவு இருக்கவில்லை. சேர்ந்த பிளாஸ்டிக்கில் ஒரு பகுதி ஆசிய நாடுகளுக்கும் ஏற்றுமதியானது. ஒரு நாட்டின் வட்டம் இன்னொரு நாட்டின் குப்பை மேட்டில் முடிந்தது.

குறைகள் படிப்படியாகத் திருத்தப்பட்டன. ஒரே நிறுவனத்தின் ஏகபோகம் நீக்கப்பட்டது. 2019இல் நடைமுறைக்கு வந்த பொதிச் சட்டம், பொதிகளைச் சந்தைக்கு விடும் ஒவ்வொருவரும் பகிரங்கப் பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும் எனப் பணித்தது. எந்தக் கம்பனி பதிந்துள்ளது என்பதை எவரும் பார்த்தறியலாம். இந்த ஏற்பாட்டின் கீழ் வரும் பிளாஸ்டிக் பொதிகளில் 63 வீதத்தை 2022 முதல் பொருளாகவே மீள்சுழற்சி செய்ய வேண்டும் என்ற இலக்கும் விதிக்கப்பட்டது.

இத்தனைக்குப் பின்னும் 2021இல் ஜேர்மனியில் எல்லா வகைப் பொதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 197 இலட்சம் தொன் கழிவாகின. திருப்பி எடுக்கும் ஏற்பாடு நன்றாக இருப்பது அதிகமாகப் பொதிவதற்கு அனுமதிப் பத்திரம் ஆகிவிடக் கூடாது என்பதை இது எமக்கு உணர்த்துகின்றது.

போத்தலுக்கு வைப்புப் பணம்

போத்தல்களைப் பொறுத்தவரை வேறொரு வழி கூடுதலாகப் பயன் தந்தது. 2003 சனவரி முதலாந் திகதி தொடக்கம் ஒரு தடவை பாவிக்கும் பானப் போத்தல்களுக்கும் தகரப் பேணிகளுக்கும் ஜேர்மனியில் வைப்புப் பணம் கட்டாயமாக்கப்பட்டது. ஆரம்பத்தில் சில பெரிய கடைத்தொடர்கள் தமக்கெனத் தனி வடிவப் போத்தல்களைச் செய்வித்து, அவற்றை மட்டுமே திருப்பி ஏற்றன. மக்கள் அலைக்கழிந்தனர். 2006 மே மாதத்தோடு அந்தச் சலுகை முடிந்தது. ஒரு வகைப் போத்தலை விற்கும் கடை எவருடைய அவ்வகைப் போத்தலையும் ஏற்க வேண்டியதாயிற்று. ஒரு போத்தலுக்கு 25 சதம். அங்கு விற்கப்படும் இத்தகைய போத்தல்களில் 95 வீதத்துக்கு மேல் திரும்பி வருகின்றன. சுத்தமாகவும் ஒரே வகையாகவும் வருவதால் அவற்றிலிருந்து மீண்டும் போத்தலே செய்ய முடிகின்றது.

வடிவத்தில் உடன்பாடு

கம்பனிகள் கூடிச் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, பொதியின் வடிவத்தில் உடன்படுவது. ஜேர்மனியின் கனிமநீர் உற்பத்தியாளரின் கூட்டுறவுச் சங்கம் 1969இல் எல்லோருக்கும் பொதுவான ஒரு கண்ணாடிப் போத்தலை அறிமுகம் செய்தது. எந்த ஊற்றின் தண்ணீரும் அதே போத்தலில் வரும். ஒட்டும் தாள் மட்டுமே வேறு. எனவே வெற்றுப் போத்தல் தன் சொந்த ஆலையைத் தேடி நாடு முழுவதும் பயணம் செய்யத் தேவையில்லை. அருகிலுள்ள எந்த ஆலையும் அதனைக் கழுவி நிரப்பலாம். ஒரு போத்தல் 50 தடவை வரை இவ்வாறு சுற்றி வரக்கூடியது.

பிளாஸ்டிக்கிலும் இத்தகைய உடன்பாடு சாத்தியமே. ஜப்பானிய உற்பத்தியாளர்கள் 2001இல் தமக்குள் விதித்துக்கொண்ட வழிகாட்டலின்படி, நிறமூட்டிய 'பெற்' போத்தல்களைக் கைவிட்டு நிறமற்றவற்றையே செய்யத் தொடங்கினர். பச்சை கலந்த துண்டுகளிலிருந்து தெளிந்த போத்தல் செய்ய முடியாது. நிறமற்றதிலிருந்து எதுவும் செய்யலாம். ஒரு கம்பனி மட்டும் இதைச் செய்தால் குவியலில் மாற்றம் ஏற்படாது. எல்லோரும் சேர்ந்து செய்ததாலேயே பலன் கிட்டியது.

கடைசியாக, மீள்சுழற்சி செய்த பொருளை வாங்க ஆள் வேண்டும். மசகெண்ணெய் விலை குறையும்போது புதுப் பிளாஸ்டிக் மலிந்துவிடுகின்றது. அப்போது பழையதைப் பதப்படுத்தும் ஆலை நட்டப்படுகின்றது. இதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இயற்றிய சட்டத்தின் மூலம், 2025 முதல் 'பெற்' பானப் போத்தல்களில் குறைந்தது 25 வீதம் மீள்சுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் எனப் பணித்தது. விற்பனை உறுதியானால்தான் சேகரிப்பவருக்கும் நிலையான விலை கிடைக்கும்.

எமது நாட்டில்

2017 ஏப்பிரல் 14இல், புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லை குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டதை எவரும் மறக்கவில்லை. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் 20 வரையான யானைகள் இறந்ததாக 2022 சனவரியில் செய்தி வெளியானது. 2017 செப்டெம்பர் முதல் 20 மைக்கிரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன், மதிய உணவு சுற்றும் தாள், றெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவை தடை செய்யப்பட்டன. திறந்த வெளியில் பிளாஸ்டிக் எரிப்பதும் தடையாயிற்று. 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் தவிர்ந்த பொருட்களுக்கான 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு மேற்படாத சிறு பைக்கற்றுகளும் தடைக்குள் வந்தன. விவசாய இரசாயனங்களை 'பெற்', பீ.வீ.சீ. கலன்களில் அடைப்பதும் அப்போதே தடை செய்யப்பட்டது.

தடை அவசியமானது. ஆனால் தடை ஒரு பொதியை நிறுத்தும், வட்டத்தை உருவாக்காது. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் சிறு பைக்கற்றை நாடுவது கையில் ஒரு போத்தலுக்கான காசு இல்லாமையினாலேயே. சங்கக்கடையில் பெரிய கலனிலிருந்து சிறிதளவு அளந்து வாங்க வழி இருந்தால் அக்குடும்பத்துக்குப் பைக்கற் தேவைப்படாது. தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் நாம் அப்படித்தானே வாங்கினோம்? இதனைக் கம்பனியும் கடையும் கூடியே ஏற்பாடு செய்ய முடியும்.

இதனிடையே எமது சங்கங்கள் செய்யக்கூடியவை சில உள:

1. பிளாஸ்டிக்கை எரிக்காதிருப்போம். குறிப்பாக பீ.வீ.சீ. எரியும்போது அமில வாயுவும் டயொக்சின் என்னும் நஞ்சும் வெளியாகின்றன. அப்புகையை முதலில் சுவாசிப்பவர்கள் குசினியில் நிற்கும் பெண்களும் பிள்ளைகளுமே.

2. 'பெற்' போத்தல்களைக் கழுவி, நசுக்கி, தனியாகச் சேர்ப்போம். நசுக்காத போத்தல்களை ஏற்றிய லொறி பெரும்பாலும் காற்றையே சுமக்கின்றது. அந்தக் கூலி எமக்குக் கிடைக்கும் விலையிலேயே கழிக்கப்படும். பல கிராமங்கள் ஒன்றாகச் சேர்த்து விற்றால் நிறையும் விலையும் பேசக்கூடிய நிலை வரும்.

3. பூச்சிநாசினிக் கலன்களை ஒருபோதும் இவற்றோடு கலக்கக் கூடாது. மூன்று தடவை அலசி, அலசிய நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி, கலனைத் துளையிட்டு வேறாக வைப்போம். விற்ற நிறுவனமே அதனைத் திருப்பி எடுக்க வேண்டும் எனக் கமக்காரர் அமைப்பினூடாகக் கேட்போம்.

4. தன் பெயர் பொறித்த குப்பைத் தொட்டியை அன்பளிப்புச் செய்ய ஒரு கம்பனி முன்வந்தால் நன்றி கூறுவோம். கூடவே, தொட்டி நிரம்பியதும் அதனை வெறுமையாக்குவது யார், எங்கே கொண்டு செல்வது, எவ்வளவு காலத்துக்கு என்றும் கேட்போம்.

வீட்டில் தரம் பிரிப்பது வட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே. மற்றப் பகுதிகளான வடிவமும் செலவும் திரும்பும் வழியும் வாங்கும் சந்தையும் கம்பனிகளின் கையிலும் அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின் கையிலும் உள்ளன. 'மக்கள் குப்பை போடுகிறார்கள்' என்ற குற்றச்சாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு இராமல், எமது பங்கைச் செய்துகொண்டே அவர்களுடைய பங்கையும் கேட்டுப் பெறுவது எமது உரிமையாகும்.